வேல்மதியோட டாக்டர்

நம்பர் தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஆனா நீங்க கேட்ட விதம் இருக்கே, ‘இனிமே எம் மகளுக்கு நீங்கதான் டாக்டர், வேற எவன்கிட்டயும் காட்ட மாட்டேன்’னு சொல்லிட்டுக் கேட்டீங்க பாருங்க, அதுலதான் எனக்குப் பயமா இருக்கு. பஸ் ஏறி முக்கால் மணி நேரம் ஆகல. பிள்ளைக்கு இழுப்பு வந்துச்சு, மருந்தை எப்படி உறிஞ்சணும்னு காட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதைச் சிஸ்டரே செய்வாங்க.

தூங்கிட்டாளா? தூங்கட்டும். தலையை மட்டும் கொஞ்சம் நிமித்தி வெச்சுக்கோங்க.

நீங்க சொன்ன குறை நியாயமான குறை. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் ஒரு புதுப் பையன், புதுப் பொண்ணு, எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லணும், ஒருத்தர் மருந்தைக் கூட்டுறார், ஒருத்தர் குறைக்கிறார். இதே குறையை நான் மேடையேறிச் சொல்லிப் பரிசே வாங்கியிருக்கேன். சிரிக்காதீங்க. ரெண்டாம் பரிசு. முதல் பரிசு வயித்துப்போக்கைப் பத்திப் பேசின பொண்ணுக்குப் போயிருச்சு.

எம் பேரு ஆசீர். அப்ப நான் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குழந்தைகள் டாக்டருக்குப் படிச்சிக்கிட்டிருந்தேன். மூணு வருஷப் படிப்பு. படிப்புன்னு பேரு, வேலைதான் முழுக்க. மூணு மாசம் ஒரு வார்டு, அடுத்த மூணு மாசம் இன்னொரு வார்டு, சீட்டுக்கட்டு மாதிரி எங்களைக் கலைச்சுப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. நாங்க எல்லாத்தையும் கத்துக்கணும்ல, அதுக்காக. நாங்க கத்துக்கிட்டோம். பிள்ளைங்கதான் எங்களுக்கெல்லாம் கதை சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போச்சுங்க.

புதன்கிழமை புதன்கிழமை கிட்னி பிள்ளைங்களுக்குன்னு தனியா பார்ப்போம். அங்கதான் வேல்மதி வந்தா. ஆறு வயசு. அவளுக்கு இருந்த நோவு என்னன்னா, உடம்புல இருக்கிற சத்து ஒண்ணுக்குல ஒழுகிப் போயிடும். காலைல எந்திரிச்சா முகம் வீங்கியிருக்கும், அப்புறம் கால், அப்புறம் வயிறு. மாத்திரை கொடுத்தா வடிஞ்சிரும். மாத்திரையைக் குறைச்சா சிலதுகளுக்குத் திரும்ப வரும். இவளுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. வீட்டுலயே ஒண்ணுக்கைக் கண்ணாடிக் குழாய்ல பிடிச்சு, சுடவெச்சு, திரியுதா இல்ல தெளிவா இருக்கான்னு பார்த்து ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வரணும். அவ அம்மா சேர்மக்கனி அதைத் தவறாம செய்வாங்க. பீடி சுத்துற அம்மா. வீட்டுக்காரர் திருப்பூர்ல.

முதல் நாள் நான் பேனாவை எடுத்து, ‘சொல்லுங்கம்மா, எப்ப ஆரம்பிச்சது?’ன்னேன். சேர்மக்கனி அம்மா சுவரைப் பார்த்துக்கிட்டு ஒப்பிச்சாங்க. ‘மூணு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். கண்ணு வீங்கிச்சு. பூச்சி கடிச்சதுன்னு நெனச்சோம். சுகப்பிரசவம். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. வீட்டுல யாருக்கும் இது கிடையாது. சொந்தத்துல கட்டல.’ நான் இன்னும் ரெண்டாவது கேள்வியே கேக்கல அண்ணாச்சி. பக்கத்துல நின்ன பொடிசு அம்மா சேலையை இழுத்து, ‘யம்மா, மருந்து ஏதும் ஒத்துக்காதான்னு கேப்பாவ, அதையும் சொல்லிரு’ன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வெக்கமா இருந்துச்சு. எத்தனையாவது டாக்டர் நான்னு கேட்டேன். ‘எண்ணலய்யா’ன்னாங்க. ‘ஒவ்வொருத்தரும் ஒண்ணு ஒண்ணு சொல்லுதாவ. போன மாசம் இருந்த டாக்டரம்மா பழம் கொடுக்காதன்னாவ. அதுக்கு முந்தி இருந்தவரு குடுன்னாரு. நான் யாரு சொல்லுதத கேக்க?’

அப்பத்தான் நான் அதைச் சொன்னேன். பேனாவை மூடி வெச்சுட்டு, நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு, ‘இனிமே நீங்க யார்கிட்டயும் கதை சொல்ல வேண்டாம்மா. வேல்மதியோட டாக்டர் நான்தான். நான் எந்த வார்டுல இருந்தாலும் புதன்கிழமை இங்க இருப்பேன். இது என் நம்பர்’னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. அந்த அம்மா கண்ணு கலங்கிருச்சு. நான் அன்னைக்கு மத்தியானம் ரெண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

அதோட விட்டேனா? விடல. ருசி கண்டுட்டேன். இன்னும் பதினோரு பிள்ளைங்களுக்கு இதே வசனத்தைச் சொன்னேன். பன்னெண்டு பிள்ளைங்க, பன்னெண்டு அம்மாக்கள், எல்லார் போன்லயும் என் நம்பர். பச்சைக் குழந்தைங்க வார்டுக்கு என்னை மாத்தினப்பவும் புதன்கிழமை ஆனா அங்க யார்கிட்டயாவது பொறுப்பைக் கொடுத்துட்டு ஓடி வந்துருவேன். வராந்தாவுல நான் வர்றதைப் பார்த்ததும் அந்தப் பன்னெண்டு பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. மத்த டாக்டர்கிட்ட வரிசை இருக்கும். எனக்குக் கூட்டம் இருக்கும். எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன். எங்க அம்மா ஞாயித்துக்கிழமை சபையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க.

எங்க சீஃப் கோமதிநாயகம் சார் ஒருநாள் வராந்தாவுல நின்னு இதைப் பார்த்துட்டு, ‘ஆசீர், நீ வைத்தியம் பார்க்கியா, ரசிகர் மன்றம் நடத்துறியா?’ன்னார். நான் அதையும் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

எனக்கு ஒரு வருஷம் ஜூனியர் ரஹமத் நிஷா. அதிகம் பேசாத பொண்ணு. அவதான் ஒருநாள் வேல்மதி நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு வந்தா. ‘சார், இதுல நீங்க எழுதுறது எல்லாம் ‘முன்போல’ன்னு மட்டும் இருக்கு. முன்னன்னா எது முன்ன?’ன்னா. ‘அதெல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு நிஷா’ன்னேன். பொய் சொல்லல. உண்மையாவே இருந்துச்சு. எந்தப் பிள்ளைக்கு எத்தனை மாத்திரை, எவ வீட்டுல ஆடு இருக்கு, எவனுக்கு ஸ்கூல்ல பட்டப்பேரு என்னங்கிறது வரைக்கும் இருந்துச்சு. வேல்மதிக்கு மாத்திரையால முகம் உருண்டை ஆயிருச்சுன்னு பசங்க பூசணிக்காய்னு கூப்பிடுவாங்க. நான் அவகிட்ட, ‘பூசணிக்காய் எவ்வளவு சத்து தெரியுமா?’ன்னு கேட்டேன். அவ ரொம்ப நிதானமா, ‘அதை அவனுககிட்ட வந்து சொல்லுங்க’ன்னா.

‘எழுதி வெச்சிட்டா மத்தவங்களும் பார்க்கலாமே சார்’னு நிஷா சொன்னா. மத்தவங்க எதுக்குப் பார்க்கணும்? அதான் அண்ணாச்சி எனக்கு அப்ப தோணுச்சு. இப்பச் சொல்லும்போது கேவலமா இருக்கு. அப்ப அது ரொம்பப் பெரிய மனசா தெரிஞ்சுது. ஏன்னா அதுக்குள்ள ஒரு சம்பவம் நடந்துபோச்சு. நான் ஒரு புதன்கிழமை ஜுரத்துல படுத்துட்டேன். அன்னைக்கு இருந்த பையன் வேல்மதிக்கு மாத்திரையை ஒரேயடியா பாதியாக்கிட்டான். வீங்கிருச்சு. எனக்கு வந்த கோவத்துல சேர்மக்கனி அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாச் சொன்னேன்: ‘நான் இல்லாதப்ப யார்கிட்டயும் காட்டாதீங்க. யார் என்ன சொன்னாலும், ஆசீர் சார் வரட்டும்னு சொல்லுங்க.’

அந்த அம்மா தலையை ஆட்டினாங்க. சொன்னா சொன்னபடி செய்யிற அம்மா. ஒண்ணுக்கைச் சுடவெச்சு ஒரு நாள் விடாம எழுதுற அம்மா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.

அந்த வருஷம் குழந்தை டாக்டருங்க மாநாடு கோயம்புத்தூர்ல. படிக்கிறவங்களுக்கும் போட்டி உண்டு. நான் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். ‘ஒரு குழந்தை, ஒரு டாக்டர்’னு தலைப்பு. என் பன்னெண்டு பிள்ளைங்க, அதுங்களுக்கு எத்தனை தடவை நோவு திரும்ப வந்துச்சு, மத்ததுகளுக்கு எத்தனை தடவை, கோடு போட்டு, கட்டம் போட்டு. என் கோடு கீழயே இருந்துச்சு. எடுத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை பேச்சு.

வெள்ளிக்கிழமை காலைல ஓட்டல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு டை கட்டிக்கிட்டிருந்தேன். வாழ்க்கையில ரெண்டாவது தடவை டை கட்டுறேன், முடிச்சு சரியா விழல. போன் அடிச்சுது. சேர்மக்கனி. வாழைப்பழம் கொடுக்கலாமா, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, ஊசி போட்ட இடத்துல மஞ்சள் தடவலாமா, எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க. எனக்கு அது பிடிக்கும். பக்கத்துல யாராவது இருந்தா, ‘என் பேஷண்ட்’னு சொல்லிட்டு எடுப்பேன். அன்னைக்கு யாரும் பக்கத்துல இல்ல. சைலண்ட்ல போட்டேன்.

நல்லாப் பேசினேன் அண்ணாச்சி. அதையும் சொல்லணும்ல. ‘குழந்தைக்குத் தேவை மருந்து மட்டுமல்ல, தெரிந்த ஒரு முகம்’னு முடிச்சேன். கை தட்டினாங்க. நான் கைதட்டு வாங்கிக்கிட்டிருந்த நேரத்துல பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

சாயங்காலம் பார்த்தா ஏழு மிஸ்டு கால். பரிசு கையில இருக்கு, நண்பனுங்க நாலு பேர் கூட இருக்கானுங்க, ஊட்டிக்குப் போலாம்னு முடிவாயிருச்சு. ஏழு தடவை ஒரு பீடி சுத்துற அம்மா சும்மா கூப்பிட மாட்டாங்கன்னு எனக்குத் தோணலயான்னு கேப்பீங்க. தோணுச்சு. ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம், நாளைக்கு நிதானமா பேசிக்கலாம்னு அதை விடப் பெரிசா தோணிருச்சு. மறுநாள் ஊட்டியில எங்களுக்குச் சிக்னல் இல்ல. போட் ஓட்டினோம். அதுல நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு. இன்னும் அழிக்கல. ஏன்னு தெரியல.

திங்கக்கிழமை காலைல நேரா ரயில்ல இருந்து வார்டுக்கு வந்தேன். பை தோள்லயே இருக்கு. அதுக்குள்ள பரிசு. வழியில நிஷா நின்னா. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். ‘சார், வேல்மதிக்குக் கடைசியா எத்தனை மாத்திரை சொல்லியிருந்தீங்க?’ன்னா. ஒண்ணரை, ஒருநாள் விட்டு ஒருநாள்னேன். ‘சரி. நான் ரெண்டுன்னு நெனச்சுக் கணக்குப் போட்டேன். நோட்டுல ‘முன்போல’ன்னு இருந்துச்சு. பின்னாடி புரட்டினேன். அங்கயும் ‘முன்போல’. அதுக்கும் பின்னாடி போனா நான் எழுதினதுதான் இருக்கு, எட்டு மாசத்துக்கு முந்தி.’ குரலை உயர்த்தவே இல்ல. உயர்த்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் சௌகரியமா இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலைல பிள்ளைக்கு வயித்துவலி, லேசா காய்ச்சல். எனக்குப் போன் பண்ணிப் பார்த்துட்டு, நான் எடுக்கலைன்னதும் அந்த அம்மா பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. அன்னைக்கு இருந்த சின்ன டாக்டர் பார்த்துட்டு, உடனே வார்டுல சேர்க்கணும்னு சொல்லியிருக்கார். ‘ஆசீர் சார் வரட்டும்’னுருக்காங்க. எப்ப வருவாருன்னு கேட்டிருக்காங்க, யாருக்கும் தெரியல. ஓ.பி. மூடுற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்துட்டு, மறுபடி போன் போட்டுப் பார்த்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சனிக்கிழமையும் போன் போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலைல பிள்ளையை எழுப்பினா எந்திரிக்கல. யார் ஆட்டோவுலயோ போட்டுக் கொண்டுவந்தப்ப, நிஷா டியூட்டி. இந்த நோவுக்காரப் பிள்ளைங்களுக்கு வயித்துக்குள்ள சீழ் பிடிக்கும் அண்ணாச்சி. உடனே பார்த்தா ஊசியில அடங்கிரும். ரெண்டு நாள் விட்டா ரத்தத்துல ஏறிரும். ஏறியிருந்துச்சு.

உள்ள போனேன். பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கு. ஒரு கையில குளுக்கோஸ், ஒரு கையில ரத்தம். சேர்மக்கனி அம்மா கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்தவங்க என்னைப் பார்த்ததும் தடுமாறி எந்திரிச்சாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டணும்னு ஆசைப்பட்டேன்.

‘சார், மன்னிச்சுக்கிடுங்க’ன்னாங்க. ‘நீங்க வாறதுக்குள்ள இந்த டாக்டரம்மாகிட்ட காட்டிட்டேன். பிள்ள முழிக்கல சார். அதான். வேற வழி தெரியல.’

கொஞ்சம் தண்ணி இருக்கா அண்ணாச்சி? ம். போதும்.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? ‘பரவாயில்லம்மா’ன்னேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டேன். என் வாயில வந்தது அதுதான்.

பிள்ளை பிழைச்சுக்கிட்டா. பதினெட்டு நாள் ஆச்சு. நான் பண்ணினது ஒண்ணும் இல்ல, நிஷா பண்ணினது. மூணாவது நாள் கண்ணு முழிச்சப்ப நான்தான் பக்கத்துல நின்னேன், ‘தெரிந்த ஒரு முகம்’. என்னைப் பார்த்துட்டு, ‘அந்தக்கா எங்க?’ன்னு நிஷாவைக் கேட்டா. அப்பவும், பாருங்க, எனக்குச் சுருக்குன்னுச்சு.

அந்தப் பதினெட்டு நாள்ல நிஷா உக்காந்து என் மண்டைக்குள்ள இருந்ததை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டா. பன்னெண்டு பிள்ளைங்களுக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், தமிழ்ல, பெரிய எழுத்துல. யார் பார்த்தாலும் புரியும். அம்மாவுக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும், ‘அவசரம்னா எந்த டாக்டர் இருந்தாலும் உடனே காட்டவும்’னு எழுதினா. அதை எழுதும்போது என்னைப் பார்க்கல. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. அடுத்த மாசம் எனக்குப் பரிட்சை வந்துச்சு, பாஸ் பண்ணினேன், தாலுகா ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுது. போயிட்டேன். பன்னெண்டு பேர்ல யாரும் போன் பண்ணல. நான் எதிர்பார்த்தேன்.

இதோட முடிச்சிருந்தா நல்ல கதை. ஒரு பெருமைக்காரன், அவனுக்கு ஒரு அடி, அவன் திருந்தினான். நானும் வழக்கமா இவ்வளவோடதான் முடிப்பேன். ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கேன், எல்லாரும், ‘உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு சார், ஒத்துக்கிறீங்களே’ம்பாங்க. நான் அதையும் வாங்கிக்குவேன்.

போன மாசம் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சு வருஷம் கழிச்சு. புதன்கிழமை. சாப்பாட்டு நேரத்துல சும்மா அந்த ஓ.பி. பக்கம் நடந்தேன். சும்மா இல்ல. யாராவது ‘ஆசீர் சார்’னு கூப்பிட மாட்டாங்களான்னுதான் போனேன்.

யாரும் கூப்பிடல. உள்ள ஒரு புதுப் பையன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான். எதிர்ல சேர்மக்கனி அம்மா. தலை நரைச்சிருச்சு. பக்கத்துல நெடுநெடுன்னு ஒரு பொண்ணு, யூனிஃபார்ம்ல, மடியில நோட்டு. ஏழாம் வகுப்பு படிக்கிற வேல்மதி. முகம் உருண்டையெல்லாம் போயி ஒட்டிக் கிடக்கு. நோவு இப்பல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்குதாம். நான் கதவோரம் நின்னேன்.

பையன் பழைய காகிதத்தை ஸ்கிரீன்ல படிச்சுக்கிட்டிருந்தான். நல்ல பையன், கவனமா படிக்கிற பையன். படிச்சுட்டு நிமிர்ந்து, ‘ஏம்மா, ஏழு வயசுல வயித்துல சீழ் பிடிச்சப்ப ரெண்டு நாள் வீட்டுலயே வெச்சிருந்தீங்களா? பெற்றோரோட அலட்சியத்தால தாமதமா அழைத்து வரப்பட்டதுன்னு போட்டிருக்கு. இனிமே அப்படிச் செய்யாதீங்க. காய்ச்சல்னா உடனே வந்துரணும். சரியா?’ன்னான்.

சேர்மக்கனி அம்மா, ‘சரிங்க சார். இனிமே அப்படிப் பண்ண மாட்டோம்’னாங்க.

முன்ன நோவுக் கதையை ஒப்பிச்சாங்கல்ல, அதே குரல். எத்தனை தடவை சொல்லியிருப்பாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. மூணு மாசத்துக்கு ஒரு புது டாக்டர். ஒவ்வொரு புது டாக்டரும் மொதல்ல பழசைத்தானே படிப்பான். அஞ்சு வருஷமா ஒவ்வொருத்தனும் அந்த வரியைப் படிச்சுட்டு அந்த அம்மாவுக்குப் புத்தி சொல்லியிருக்கான்.

அந்த வரியை எழுதினது நான்தான் அண்ணாச்சி.

இவ்வளவு நேரம் அதை விட்டுட்டுத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். பிள்ளை வீட்டுக்குப் போற அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா ஒரு காகிதம் எழுதித் தரணும். வேல்மதியோட டாக்டர் நான்தானே, நான்தான் எழுதினேன். அதுல, தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். பேனா அங்க வந்து நின்னுச்சு. சீஃப் படிப்பார், கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேப்பார், அடுத்த மாசம் எனக்குப் பரிட்சை, அந்தப் பரிட்சைக்கு அவரும் மார்க் போடுவார். கட்டமும் சின்னது. இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கையில கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க.

இந்தப் பிள்ளைக்கு எத்தனையோ டாக்டர் மாறியாச்சு, மருந்து மாறியாச்சு, வார்டுக்குப் பெயின்டு மாத்தியாச்சு. மாறாம கூடவே வந்தது என்னோட அந்த ரெண்டு வார்த்தை ஒண்ணுதான்.

சேர்மக்கனி அம்மா திரும்பினாங்க. என்னைப் பார்த்தாங்க. அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். கண்ணை எடுத்து மடியைப் பார்த்துக்கிட்டாங்க. அப்படியே போயிரலாம்னு தோணுச்சு. வந்த வழியே ஒரு எட்டுகூட வெச்சுட்டேன். கூட்டத்துல சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துச்சு, சிக்கன்.

உள்ள போனேன். பையன் எந்திரிச்சான். நான் யாருன்னு சொன்னேன். ‘தம்பி, அந்த வரி தப்பு. நான்தான் எழுதினேன். மாத்தணும்’னேன். அவன் முழிச்சான். ‘சார், அது ஸ்கேன் பண்ணி ஏத்தினது. அதை மாத்த முடியாது. இன்னைக்கு எழுதுற நோட்ல வேணும்னா சேர்க்கலாம். என்னன்னு போடட்டும்?’ன்னான்.

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, ‘தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறைபாடுன்னு போடுங்க’ன்னேன்.

அவன் டைப் அடிக்க ஆரம்பிச்சான். அப்ப அந்தப் பொண்ணு கேட்டா, ‘அப்படின்னா என்ன சார்?’

கிண்டல் இல்ல. உண்மையாவே கேட்டா. நோட்டைத் திறந்து புதுப் பக்கம் எடுத்து வெச்சுக்கிட்டா. ‘புரியிற மாதிரி சொல்லுங்க, நானும் எழுதிக்கிடுதேன். அடுத்த தடவை வேற சார் இருப்பாங்க, நான்தான் சொல்லணும்.’

அந்தப் பையன் டைப் அடிக்கிறதை நிறுத்திட்டான். நான் அந்த ரூம்ல இருந்த மேஜையைப் பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன். ஏழு வயசுல வயித்துவலி வந்தப்ப அம்மா அன்னைக்கே கூட்டிட்டு வந்தாங்க. அவ எழுதினா. வேற யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். எழுதினா. அம்மா டாக்டருக்கு நிறைய தடவை போன் பண்ணினாங்க. டாக்டர் எடுக்கல.

‘எடுக்கலயா, எடுக்க முடியலயா?’ன்னா.

‘எடுக்கல’ன்னேன்.

எழுதினா. அழகான கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா. ‘டாக்டர் பேரு போடணுமா?’ன்னா. போடச் சொன்னேன். ஆசீர்னு எழுதிட்டு, குறில் நெடில் சரியான்னு என்கிட்ட காட்டிக் கேட்டா. சரின்னேன். ‘ஏன் எடுக்கலன்னு போடணுமா சார்?’

நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள சேர்மக்கனி அம்மா, நான் உள்ள வந்தப்புறம் மொதமொதல்லயா, ‘போதும்ட்டி. அவ்வளவு போதும்’னாங்க. என்னைப் பார்த்துச் சொல்லல. எனக்காகச் சொன்னாங்களா, இல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னாங்களா, அது எனக்கு இன்னும் தெரியல.

பொண்ணு அந்தப் பக்கத்துக்கு மேல தேதி போட்டா. போட்டுட்டு அந்தப் பையன்கிட்ட திரும்பி, ‘சார், எனக்கு மாத்திரை இனிமே முக்காலா, அரையா?’ன்னு கேட்டா. அவங்க மூணு பேரும் அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவன் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தான். நான் இன்னும் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தேன், யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு. அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா வாசல்ல வந்து, ‘கொஞ்சம் வழி விடுங்கய்யா’ன்னாங்க. நகர்ந்தேன்.